சீயக்காய் டப்பா

கேக் மசாலா என்று ஒன்று தனியாக இருப்பதே எனக்கு ஒரு வீடியோவைப் பார்த்துத்தான் தெரியும். ஸ்வெட்டர் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பெண், ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் சிவந்து இலை கொட்டிக்கொண்டிருக்க, பட்டையையும் கிராம்பையும் ஜாதிக்காயையும் பொடித்து ஒரு சின்னக் கண்ணாடி பாட்டிலில் அடைத்தாள். இலை உதிரும் காலம் முழுக்க இதைப் போட்டுத்தான் எங்கள் வீட்டில் எல்லாம் சுடுவோம் என்றாள். எங்கள் ஆரம்பாக்கத்தில் ஏதம்மா இலை உதிரும் காலம்? ஐப்பசி பிறந்தால் எங்கள் வீட்டில் உதிர்வது பின்சுவரின் காரைதான். துணி காயாது. உப்பு ஜாடியில் தண்ணீர் விடும். வயலில் தேங்கிய தண்ணீர் தெருவுக்கு வந்து நிற்கும். அந்த நாட்களில் சூடாக, காரசாரமாக எதையாவது தின்ன வேண்டும் என்று நாக்கு கேட்கிறது பாருங்கள், அது மட்டும்தான் அவளுக்கும் எனக்கும் ஒன்று.

கிறிஸ்துமஸுக்கு நான் கேக் போட ஆரம்பித்தது அப்படித்தான். பட்டை அதிகம், சுக்கு அதில் பாதி, கிராம்பு, ஏலக்காய், ஜாதிக்காய், அன்னாசிப்பூ எல்லாம் கொஞ்சம் கொஞ்சம். அவள் சொன்னதில் ஏதோ ஒரு காய் மட்டும் கும்மிடிப்பூண்டி பஜாரில் எந்தக் கடையிலும் கிடைக்கவில்லை. நாட்டு மருந்துக் கடைக்காரர் வால்மிளகைக் காட்டினார். ஒன்றைக் கடித்துப் பார்த்தேன், நன்றாகவே இருந்தது, வாங்கி வந்துவிட்டேன். முதல் வருடம் மிக்ஸியில் அடித்தேன். மிக்ஸி கத்தியதே தவிரப் பட்டை மசியவில்லை. என் நாத்தனார் கேக்கைத் தின்றுகொண்டே வாயிலிருந்து ஒரு துண்டை எடுத்து, "இன்னாண்ணி இது, கேக்குக்குள்ள வெறகு வெச்சிக்கிற?" என்றாள். அடுத்த வருடத்திலிருந்து மில்லுக்குக் கொடுக்க ஆரம்பித்தேன்.

மில்லில் அரைக் கிலோவுக்குக் குறைந்தால் மெஷினைத் தொட மாட்டார்கள். அதனால் எங்கள் தெருவில் சர்ச்சுக்குப் போகிற வீடுகள் சில சேர்ந்துகொண்டோம். கேக்குக்குப் போக மிஞ்சுவது மழைக்காலம் முடியும்வரை டீயில் போகும். மசாலாவோடு ஒரு கை பச்சரிசியும் தனிப் பொட்டலமாக மில்லுக்குப் போக வேண்டும். நமக்கு முன்னால் யாராவது மிளகாய் அரைத்திருப்பார்கள். மில்காரர் முதலில் அந்த அரிசியை ஓடவிடுவார். மெஷினுக்குள் ஒட்டியிருக்கும் காரத்தையெல்லாம் அது இழுத்துக்கொண்டு வந்த பிறகுதான் நம்முடையதைக் கொட்டுவார். சிவப்பாக வரும் அந்த அரிசி மாவை நான் வாங்கி வந்து பக்கோடாவில் கலந்துவிடுவேன். காசு கொடுத்து வாங்கிய அரிசியை எதற்கு வீணாக்க வேண்டும்?

இதில் என் வேலை பாதிதான். மீதி என் வீட்டுக்காரரின் மூக்கு செய்கிற வேலை. பட்டை, கிராம்பு என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாக இரும்புத் தவாவில் வறுக்க வேண்டும். முந்தினால் பச்சை வாசனை போகாது, பிந்தினால் கருகிவிடும். எனக்கு அந்தப் பொறுமை கிடையாது. அவர் அடுப்பங்கரை நிலையில் சாய்ந்து நின்று, போனைப் பார்த்தபடியே, "ம், எறக்கு" என்பார். இறக்கினால் கச்சிதமாக இருக்கும். தெருமுனையில் பைக் திரும்பும்போதே எந்த வீட்டில் கருவாடு, எந்த வீட்டில் நேற்றைய குழம்பைச் சுடவைக்கிறார்கள் என்று சொல்லிவிடுவார். நீங்கள் போலீஸ் நாயாகப் பிறந்திருக்க வேண்டிய ஆள் என்று நான் கிண்டல் செய்வேன். அதற்கும் சந்தோஷமாகச் சிரிப்பார்.

தொழிற்பேட்டையிலும் அவருக்கு அடுப்பு வேலைதான். இரும்புச் சாமான்களின் மேல் கலர் பவுடரை அடித்து, பெரிய கேஸ் அடுப்புக்குள் அனுப்பிச் சுட்டெடுப்பார்கள். "நீ மைதாவ சுடுற, நான் இரும்ப சுடுறேன், அவ்ளோதான்" என்பார். ஷிப்ட் தொடங்கும்போது அந்த அடுப்பின் பர்னரைப் பற்றவைப்பது அவர் பொறுப்பு. ஒருமுறை குழாய் இணைப்பில் கேஸ் கசிந்ததை, அலாரம் கத்துவதற்கு முன்பே மோப்பம் பிடித்து வால்வை மூடியிருக்கிறார். அன்றிலிருந்து அவருக்கு லைனில் மூக்கண்ணா என்று பெயர். அலாரம் ஒரு பக்கம் இருக்க, சூப்பர்வைசர் தினமும், "மூக்கண்ணா, எல்லாம் ஓக்கேவா?" என்று கேட்டுவிட்டுத்தான் நகர்வாராம். அந்தப் பெயரில் அவருக்குக் கொள்ளைப் பெருமை. காண்ட்ராக்ட் ஆள்தான். ஆனாலும் ஒவ்வொரு ஜனவரியிலும் ஆளைக் குறைக்கும்போது அவர் பெயரில் யாரும் கை வைத்ததில்லை. நான் போடும் கேக்கில் பாதி அந்த ஷிப்ட்டுக்குத்தான் போகும்.

போன வருடம் வறுக்க உட்கார்ந்தபோது வழக்கம்போல அவரைக் கூப்பிட்டேன். "தலவலிக்குது மே, நீயே பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு டிவி முன்னால் போய் உட்கார்ந்துகொண்டார். தலைவலிக்காரர் யாராவது டிவியைச் சத்தமாக வைத்துக் கிரிக்கெட் பார்ப்பாரா? எனக்கு வந்த கோபத்தில் கிராம்பு கொஞ்சம் கருகிவிட்டது. கருகியதைப் பொறுக்கி எறிந்துவிட்டு, மற்றதைக் கலந்து, டப்பாவில் போட்டு, அரிசிப் பொட்டலத்தையும் மேலே வைத்து, மில்லுக்காவது போய்விட்டு வாருங்கள் என்று அவரை விரட்டினேன்.

அந்த டப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஆயுத பூஜைக்கு அவர் கம்பெனியில் பொரி, ஸ்வீட் பாக்கெட்டோடு ஆளுக்கொரு எவர்சில்வர் டப்பா கொடுத்தார்கள். நிரந்தர ஆள், காண்ட்ராக்ட் ஆள், கேன்டீன், செக்யூரிட்டி என்று கேட்டுக்குள் நுழைகிற எல்லாருக்கும் ஒரே டப்பாதான். அதே உயரம், அதே சிவப்பு மூடி, மூடியில் அதே கம்பெனி பெயர். அது நல்ல கனமான டப்பா, மூடி இறுக்கமாக இருக்கும், மழைக்குத் தண்ணீர் உள்ளே போகாது. அதனால் மில்லுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அதையே தூக்கிக்கொண்டு போனார்கள்.

அன்று சனிக்கிழமை. தூறலில் ரெயின்கோட்டுக்குள் டப்பாவை அணைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சமையல் மேடையில் வைத்தார். மூடியைத் திறந்து, வருடா வருடம் செய்வதுபோல மூக்கை உள்ளே விட்டு இழுத்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஆஹா, சும்மா தூக்குது. பட்ட கொஞ்சம் தூக்கலா இருக்குது மே, நல்லாதான் இருக்கும்" என்று மூடியைத் திரும்ப அழுத்தி மூடினார்.

எனக்குக் காலையிலிருந்து இருந்த கோபமெல்லாம் போய்விட்டது. அவருக்கு டீ போட அடுப்பைப் பற்றவைத்தேன். புது மசாலாதானே, முதல் டீயிலேயே ஒரு சிட்டிகை போடலாம் என்று ஸ்பூனை எடுத்துக்கொண்டு டப்பாவைத் திறந்தேன். உள்ளே இருந்தது சீயக்காய்.

சந்தேகமே இல்லை. வெந்தயமும் பூலாங்கிழங்கும் ஆவாரம்பூவும் போட்டு அரைத்த சீயக்காய். எண்ணெய்க் குளியல் அன்றைக்குக் குளியலறையில் வருமே, அந்த வாசனை. நிறம் வேண்டுமானால் ஏறக்குறைய நம் மசாலா நிறம்தான், காய்ந்த மண் நிறம். ஆனால் வாசனையில் ஒரு குழந்தைகூட ஏமாறாது.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "அய்யே, இன்னாங்க இது! யார் ஊட்டு சீயக்காயயோ தூக்கிக்கினு வந்துக்கிறீங்க! இத கேக்குல போட்டிருந்தா உங்க ஷிப்ட்டு மொத்தமும் வாயில நொரையோட நின்னுருக்கும்!" என்று கத்திக் கத்திச் சிரித்தேன்.

அவரும் சிரித்தார். "மில்காரன் மாத்திக் குடுத்துட்டான் போலக்குது" என்றார். ஆனால் டப்பா பக்கம் திரும்பவே இல்லை.

சிரித்து அடங்கிய பிறகுதான் எனக்கு உறைத்தது. இந்த மனிதர் இப்போதுதானே மூக்கை விட்டு இழுத்தார்? கண்ணை மூடிக்கொண்டு, பட்டை தூக்கல் என்று சொன்னாரே? நான் அலமாரியிலிருந்து பெருங்காய டப்பாவை எடுத்துத் திறந்தேன்.

"கண்ண மூடுங்க. இது இன்னானு சொல்லுங்க பாக்கலாம்" என்று அவர் மூக்குக்கு நேராக நீட்டினேன்.

கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். மூச்சை நன்றாக இழுத்தார். "ஏலக்கா" என்றார்.

கண்ணைத் திறந்து என் கையில் இருப்பதைப் பார்த்தார். "வெளாட்றியா நீ?" என்று கத்திவிட்டு, உள்ளே போய்க் கட்டிலில் படுத்துக்கொண்டார்.

டீப் பாத்திரத்தின் அடியில் நெருப்பு எரிந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்ததும் எனக்கு இன்னொன்று நினைவுக்கு வந்தது. நான் ஸ்டேஷன் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் வேலை செய்கிறேன். அந்தப் புரட்டாசியில் ஒரு மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தால், வாசலிலேயே கேஸ் நாற்றம் அடித்தது. ஓடிப் போய்ப் பார்த்தேன். பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்து, கேஸ் மட்டும் உஸ்ஸென்று வந்துகொண்டிருந்தது. பக்கத்து அறையில் இவர் பன்னைத் தின்றுகொண்டு டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அடுப்பை மூடி, ஜன்னலையெல்லாம் திறந்து போட்டுவிட்டு, "மூக்குல இன்னா பஞ்சா வெச்சிருக்குது?" என்று திட்டினேன். "டிவி பாத்துக்கினு இருந்தேன் மே, கவனிக்கல" என்றார். நானும் நம்பிவிட்டேன். மூக்கில் பஞ்சு யாருக்கு வைப்பார்கள் என்பது இப்போது நினைத்தபோதுதான் எனக்கு உறைத்தது. அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துக் கட்டிலருகே போனேன். "எப்பலேர்ந்து?" என்று கேட்டேன்.

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தபடியே சொன்னார். "ஆடில ஜுரம் வந்துச்சில்ல, அதுலேர்ந்து. வந்துடும் வந்துடும்னு பாத்துக்கினு இருந்தேன். வர்ல."

"ஒண்ணுமேவா தெர்ல?"

"ஒண்ணும் தெர்ல. நீ வைக்கிற கொழம்புல உப்பும் புளிப்பும்தான் தெரியுது. மத்ததெல்லாம் சும்மா மென்னு முழுங்குறேன்."

ஆடியிலிருந்து என் சமையலை நல்லா இருக்குது, நல்லா இருக்குது என்று சொல்லிக்கொண்டிருந்தாரே! கல்யாணமான நாளிலிருந்து குற்றம் சொல்லாமல் ஒரு வாய் சாப்பிடாத மனுஷன். எனக்கு அப்போதே சந்தேகம் வந்திருக்க வேண்டும். நான் என்னவோ கடைசியில் ஆள் திருந்திவிட்டார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

"கம்பெனில சொன்னீங்களா?"

"பைத்தியமா உனக்கு? அங்க அலாரம் இருக்குது."

"அலாரம் இருக்குதுன்னா அப்புறம் தெனம் உங்கள எதுக்குக் கேக்குறாங்க?"

எழுந்து உட்கார்ந்தார். "சொன்னா பர்னர்லேர்ந்து தூக்கிடுவாங்க மே. தூக்கிட்டா அப்புறம் நான் இன்னா, வெறும் ஆளு. ஜனவரில ஆள் கொறைக்க சொல்ல மொதப் பேரு நம்முளுதுதான் இருக்கும். இந்த வயசுல வேற எவன் எடுப்பான்?"

"வேல போனா போவட்டும். நீங்க பூட்டா நான் இன்னா பண்றது? கூட நிக்கிறவங்களும் உங்க மூக்க நம்பித்தான நிக்கிறாங்க? அவங்க ஊட்லயும் பொண்டாட்டி புள்ள இருக்குதா இல்லயா?"

"கம்முனு இரு மே. ஊரக் கூட்டாத" என்றார்.

மில் பில்லில் இருந்த நம்பருக்குப் போன் போட்டு, டப்பா மாறிப்போனதைச் சொன்னேன். மில்காரர், "ஆமாம்மா, சீயக்காய் அரைக்கக் குடுத்த அந்தம்மா அப்பவே வந்து உங்க டப்பாவ வெச்சிட்டுப் பூட்டாங்க. மூடியத் தொறந்த ஒடனே தெரிஞ்சிப் போச்சாம். அவங்க சீயக்காயக் கொண்டாந்து குடுத்துட்டு எடுத்துக்கினு போங்க. ஆனா இப்ப வராதீங்க, கரெண்ட் இல்ல, மூடிக்கினு இருக்கேன்" என்றார். திறந்த உடனே தெரிந்துபோச்சாம் என்று அவர் சாதாரணமாகச் சொன்னது எனக்குச் சுருக்கென்றது.

அன்று மாலை பிடித்த மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை. வயல் எது, சாலை எது என்று தெரியாமல் தண்ணீர் நின்றது. மில் திறக்கவில்லை. ஆனால் தொழிற்பேட்டைக்கு மழையாவது ஒன்றாவது, கம்பெனி பஸ் நெடுஞ்சாலையில் வந்து நின்றுகொண்டுதான் இருந்தது. காலையில் அவர் ஷூ போடும்போது, "இன்னிக்கு சொல்லிடுவீங்களா?" என்று கேட்பேன். "பாக்கலாம்" என்பார். மாலையில் கேட்டால் ஒருநாள் சூப்பர்வைசர் லீவு, ஒருநாள் மேலிடத்து ஆட்கள் வந்திருந்தார்கள், ஒருநாள் பேச நேரமே கிடைக்கவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளை வீட்டுப்பாடத்துக்குச் சொல்கிற சாக்கு எல்லாவற்றையும் அந்த வாரத்தில் கேட்டுவிட்டேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை மறைத்துச் சொல்வதில் என்ன இருக்கிறது? கடையில் ஆதார் அட்டையை மெஷினில் வைத்துக்கொண்டிருக்கும்போது நெடுஞ்சாலையில் சைரன் கேட்டால் கை அப்படியே நின்றுவிடும். வாடிக்கையாளர், "அக்கா, ரெண்டு பக்கமும் எடுக்கணும்" என்று ஞாபகப்படுத்த வேண்டியிருந்தது. கம்பெனிக்கு நானே போன் போட்டுச் சொல்லிவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் மூக்கண்ணாவின் பெண்டாட்டி வந்து சொன்னாள் என்று ஆகிவிட்டால், அந்த மனிதர் அப்புறம் அந்த கேட்டுக்குள் தலை நிமிர்ந்து போகவே முடியாது. அவர் வாயாலேயே வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

கேக்கில் போட வாங்கிய உலர்ந்த பழமெல்லாம் ஆரஞ்சுச் சாற்றில் ஊறி, ஜாடியில் உப்பிக்கொண்டு நின்றது. அதைக் காட்டி ஒருநாள் சொல்லிவிட்டேன். "இங்க பாருங்க. மசாலா வந்தாலும் சரி, வராட்டியும் சரி, நீங்க கம்பெனில சொல்ற வரைக்கும் நான் ஓவனத் தொட மாட்டேன். உங்க ஷிப்ட்டுக்கு இந்த வருசம் கேக்கு கெடையாது. ஏன்னு கேட்டா காரணத்த நீங்களே சொல்லிக்கோங்க."

"மெரட்றியா?"

"ஆமா, மெரட்றேன்."

அவர் நாஷ்டா தட்டைத் தள்ளி வைத்துவிட்டுப் போய்விட்டார்.

அடுத்த சனிக்கிழமை வெயில் அடித்தது. மில் திறந்துவிட்டது என்று போன் வந்தது. சீயக்காய் டப்பாவைத் துணிப்பையில் போட்டுக்கொண்டு, அவர் பைக்கில் நானும் ஏறிக்கொண்டேன். தனியாக அனுப்பினால் இந்தத் தடவை கோலமாவோடு வந்து நின்றாலும் நிற்பார். மில்லில் ஒரே கூட்டம். ஒரு வாரமாக அரைக்க முடியாததையெல்லாம் தூக்கிக்கொண்டு எல்லாரும் வந்திருந்தார்கள். நைட்டியும் தோளில் துண்டுமாகப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். மெஷின் ஓடுகிற சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது. சுவர் ஓரமாக ஒரு பலகை. அதன் மேல் அரைத்து வைத்த டப்பாக்கள். அதில் மூன்று சிவப்பு மூடிகள்.

மில்காரர் கையெல்லாம் மாவோடு எட்டிப் பார்த்தார். "வா நைனா. அதுல உங்களுத மோந்து பாத்து எடுத்துக்கோ. மறுபடியும் நான் கைய வெச்சா பேஜாரா பூடும்" என்றார்.

வரிசையிலிருந்து ஒரு பெண் வேகமாக வந்தாள். துணிப்பையில் எட்டிப் பார்த்த சிவப்பு மூடியைக் கண்டதும் சிரித்துவிட்டாள். சீயக்காய்க்காரி அவள்தான். டப்பாவை வாங்கித் திறந்து பார்த்துத் திருப்தியாக மூடிக்கொண்டு என் வீட்டுக்காரரைப் பார்த்தாள்.

"அண்ணா, நீங்க மூக்கண்ணாதான? எங்க ஊட்டுக்காரரு உங்க கம்பெனி கேன்டீன்லதான் இருக்காரு. உங்களப் பத்தி சொல்லிக்கினே இருப்பாரு. அலாரத்துக்கு மின்னாடியே கேஸ மோந்து கண்டுபுடிச்சீங்களாமே!" என்றாள். வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் வாயைத் துண்டால் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அப்பேர்ப்பட்ட மூக்க வெச்சிக்கினு எப்டிணா என் சீயக்காயத் தூக்கிக்கினு போனீங்க?"

மில்லே சிரித்தது. அவளுக்கு ஒரு கெட்ட எண்ணமும் கிடையாது. ஒரு வாரமாகச் சொல்லுங்கள் சொல்லுங்கள் என்று அவர் உயிரை எடுத்தவள் நான்தான். ஆனால் கேன்டீன்காரரின் பெண்டாட்டி முன்னால், இத்தனை பேர் முன்னால், என் வாய் தானாகவே பொய்க்குத் தயாராகிவிட்டது. இவள் காதில் விழுந்தால் திங்கட்கிழமை டீ நேரத்துக்குள் கம்பெனி முழுக்கத் தெரிந்துவிடும்.

"அது ஒண்ணும் இல்லமா, அவருக்கு சளி..." என்று ஆரம்பித்தேன்.

"சளி இல்லமா" என்றார் அவர். மெஷின் சத்தத்துக்கு மேல் கேட்கும்படி சத்தமாகத்தான் சொன்னார். "எனக்கு மூக்கு பூட்டுச்சி. ஆடிலேர்ந்து ஒரு வாசனையும் தெர்ல. கேஸும் தெர்ல, சீயக்காயும் தெர்ல. அதான் தூக்கிக்கினு பூட்டேன்."

அவள் சிரிப்பு நின்றுவிட்டது. மெஷின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. அவர் பலகைப் பக்கம் கையைக் காட்டினார்.

"அதுல எது எங்கள்துனு நீயே மோந்து பாத்துக் குடும்மா" என்றார்.

அவள் முதல் டப்பாவைத் திறந்து முகர்ந்தாள். "இது தனியாத் தூளுணா" என்று மூடி வைத்தாள். அடுத்ததில் தும்மல் வந்தது, மிளகாய். மூன்றாவதைத் திறந்ததும் தலையாட்டினாள். இறுக்கி மூடி, இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தாள். "இதாணா உங்களுது" என்றவள், குரலைத் தாழ்த்தி, "நான் எங்க ஊட்டுக்காரருகிட்ட சொல்ல மாட்டேணா" என்றாள்.

"சொன்னா சொல்லு மா. அதுக்குள்ள நானே சொல்லிடுவேன்" என்றார்.

பைக்கில் திரும்பி வரும் வழியெல்லாம் டப்பா என் மடியில் இருந்தது. மூடியையும் மீறிப் பட்டை வாசனை வந்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. பெருமையா, பயமா என்று கேட்டால் இரண்டும்தான். அவர் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்ததால் வசதியாக அழுதுகொண்டே வந்தேன்.

திங்கட்கிழமை வந்து ஷூவைக் கழற்றியபடியே சொன்னார். "டிஸ்பாட்ச்ல போட்டுட்டாங்க. பொட்டி எண்ற வேல."

"திட்டுனாங்களா?"

"திட்டல. இவ்ளோ நாளா ஏன் சொல்லலனு கேட்டாரு. அப்புறம் பர்னர் பேனல் சாவிய வாங்கி வெச்சிக்கினாரு." ஷூவை மூலையில் வைத்துவிட்டுத் தன் கையைப் பார்த்துக்கொண்டார். "இன்னொரு புள்ளையாண்டான்கிட்ட குடுத்துட்டாங்க. நல்ல பையன்தான்."

அவர் பயந்ததும் நடந்தது. ஜனவரியில் ஆள் குறைத்தபோது அவர் பெயரும் போய்விட்டது. இப்போது மீஞ்சூர் பக்கம் ஒரு குடோனுக்கு ரயிலில் போய் வருகிறார். சம்பளம் குறைச்சல்தான், ஆனால் அங்கே கேஸும் இல்லை, பர்னரும் இல்லை. மூக்கு டாக்டரிடம் காட்டினோம். நரம்பு சம்பந்தப்பட்டது, வரலாம், வராமலும் போகலாம் என்றார். தினமும் காலையில் கிராம்பு, எலுமிச்சைத் தோல், யூகலிப்டஸ் தைலம் இதையெல்லாம் ஒவ்வொன்றாக முகர்ந்து பார்க்கச் சொல்லியிருக்கிறார். அவரும் பல் துலக்கியதும் என் கிராம்பு டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்காருகிறார். கதை பாதியில் தொங்க வேண்டாம் என்றுதான் அதையெல்லாம் இங்கேயே சொல்லிவிட்டேன். அந்தத் திங்கட்கிழமை எங்களுக்கு இதெல்லாம் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு நான் செய்தது, முட்டையையும் வெண்ணெயையும் எடுத்து வெளியே வைத்ததுதான். சர்க்கரையைக் கருக்கினேன். ஊறிய பழத்தைக் கொட்டி, மைதாவைச் சலித்து, மசாலாவை இரண்டு ஸ்பூன் தாராளமாகவே போட்டுக் கலக்கி, ஓவனில் வைத்தேன். வெளியே மறுபடியும் மழை பிடித்துக்கொண்டது. கரெண்ட் போய்விடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டேன். அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு ஓவனுக்கு எதிரே உட்கார்ந்துகொண்டார். கண்ணாடிக்குள் மாவு மெதுவாக எழும்புவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டு அக்கா மதிலுக்கு மேலே தலையை நீட்டி, "கேக்கு வாசன இங்க வரைக்கும் வருது, எனக்கு ஒரு துண்டு எடுத்து வெய்யி" என்று கத்திவிட்டுப் போனாள்.

"வந்துடுச்சா மே வாசன?" என்று கேட்டார்.

"வந்துடுச்சி."

"எப்டி இருக்குது, சொல்லு."

வாசனையை நான் யாருக்கும் வாயால் சொன்னதில்லை. எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை. அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டேன். "மொதல்ல கருக்குன சக்கர வருது. அப்புறம் வெண்ண. கிராம்பு லேசா, இந்தத் தடவ நான்தான கருக்கிட்டேன், அதனால கொஞ்சமா கசப்பா வருது. சுக்கு கடசியா வந்து மூக்குலயே நிக்குது" என்றேன்.

அவர் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"பட்ட தூக்கலா இருக்குதா?" என்றார்.

"கொஞ்சம் தூக்கல்தான்" என்றேன்.